இருபத்தொன்பதாம் நாள்

உலகநாதனின் வாய்க்குப் பயந்து அவர் பஸ்ஸில் படியில் தொங்க ஆளே கிடையாது. முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றார். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அந்த வாயை அடக்கத்தான் மஞ்சப்பாறை அடிவாரத்து மடத்துக்கு வந்தார். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, பூரணியம்மா. அம்மா அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் எதிரே உட்கார்ந்தால் உலகநாதனுக்குத் தானாக முதுகு நிமிரும்.

வந்த அன்றே உலகநாதன் ஒரு காலண்டர் தாளை அம்மாவிடம் நீட்டினார். பின்பக்கம் ஐந்து வரி எழுதியிருந்தது. விடிகாலை நாலரைக்கு எழுவது. பச்சைத் தண்ணீரில் குளிப்பது. மலையை ஒரு சுற்று நடப்பது. சர்க்கரையை விடுவது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பது.

"ஒரு மாசம், அம்மா. முப்பது நாள் விடாம செஞ்சா எதுவும் பழக்கமாயிடும்னு சொல்றாங்க."

"பழகி?"

"முப்பத்தொண்ணாம் நாள் எங்க அண்ணன் வீட்டுக்குப் போவேன். மன்னிப்புக் கேப்பேன்."

அண்ணன் தெய்வநாயகம் சந்தையில் வாழைத்தார் ஏலம் விடுபவர். இந்தக் கோடியில் அவர் விலை கூவினால் அந்தக் கோடியில் லாரிக்காரன் தூக்கம் கலைந்து எழுவான். ஆறு வருடத்துக்கு முன் அவர் மகளுக்குக் கல்யாணம். உலகநாதனுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. பந்தியில் நூறு பேர் நடுவே, "ஏலம் விடுற வாய்தானே, பெத்த பொண்ணையும் ஏலம் விட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட நிமிஷமே தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அன்றோடு பேச்சு நின்றது.

"இன்னைக்கே போனா என்ன?" என்றார் அம்மா.

"நாக்கு இன்னும் பக்குவப்படலை. போன இடத்துல இன்னொண்ணு சொல்லித் தொலைச்சிருவேன்."

அம்மா வற்புறுத்தவில்லை. உள்ளே போய் ஒரு சிலேட்டும் பலப்பமும் கொண்டுவந்து கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் சாதித்துவிட்டார். ஐந்தாம் நாள் ஒரு குரங்கு அவருடைய வேட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் உட்கார்ந்தது. உலகநாதன் துண்டோடு கீழே நின்றாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தாளில் ஒரு டிக் விழுந்தது. இருபதாம் நாளுக்குப் பிறகு, மடத்துக்கு வருபவர்கள் அவரைக் காட்டி மெதுவாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. வாயாடி என்று பேரெடுத்தபோது இல்லாத பெருமை வாய் மூடியதில் வந்து சேர்ந்தது.

இருபத்தொன்பதாம் நாள், பதினோரு மணி பஸ்ஸில் தெய்வநாயகம் வந்து இறங்கினார்.

கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். கழுத்தைச் சுற்றித் துண்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தார். உலகநாதன் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உலகு," என்றார் அண்ணன். குரல் கம்மிக் கிடந்தது. "நல்லா இருக்கியால?"

உலகநாதன் தலையாட்டினார். வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கிணற்றடியில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது பேசுல."

உலகநாதன் வாயைக் கைவிரலால் தொட்டு, சிலேட்டை எடுத்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு டிக்குகளையும் நினைத்தார். இன்று ஒரு நாள், நாளை ஒரு நாள். ஆறு வருடம் பொறுத்தவருக்கு இரண்டு நாள் பெரிதா? 'விரதம். நாளை மறுநாள் நானே வருகிறேன்' என்று எழுதி நீட்டினார்.

அண்ணன் சிலேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிடா," என்றார்.

பிறகு பழத்தைத் தம்பி மடியில் வைத்துவிட்டு, ஒரு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

முப்பத்தொன்றாம் நாள் காலை உலகநாதன் அண்ணன் வீட்டுக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் ஒரு குழாய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

"தொண்டையில கட்டி," என்றாள் மதினி. "ஆபரேஷன் முடிஞ்சா பேச வராதுன்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டார். 'அப்ப தம்பிகிட்ட ஒரு பேச்சு பேசிட்டு வந்திருதேன்'னு முந்தாநேத்துக் காலையில உங்களப் பாக்க வந்தார். அன்னைக்குச் சாயங்காலமே இங்க வந்து படுத்தாச்சு. நேத்து வெட்டிட்டாங்க."

உலகநாதனுக்கு முப்பது நாள் பக்குவப்படுத்திய நாக்கு புரளவில்லை.

"தம்பி, அந்தச் சிலேட்டுல என்ன எழுதினீங்க?"

"ஏன் மதினி?"

"அவருக்குத்தான் எழுத்து தெரியாதே. 'என்னமோ எழுதிக் காட்டினான். இனிமே வராதேன்னுதான் எழுதினானோ என்னவோ. நான் சரின்னுட்டு வந்துட்டேன்'னு இந்தக் கட்டில்ல உக்காந்துதான் சொன்னார்."

உலகநாதனுக்கு இது தெரியாத விஷயமா? அப்பா செத்த வருஷம், வீட்டில் இருந்த ஒரே பள்ளிக்கூடப் பையைத் தம்பி தோளில் மாட்டிவிட்டுச் சந்தைக்குப் போனவர் அண்ணன். அந்தத் தம்பிதான் எழுதி நீட்டியிருக்கிறான்.

அவர் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னிப்புக் கேட்டார். அண்ணன் அவர் தலையில் கை வைத்தார். பிறகு உதடுகளை அசைத்தார். மூன்று தரம், ஒரே மாதிரி. சத்தம் வரவில்லை. மதினிக்கும் புரியவில்லை.

நான்கு நாள் கழித்து உலகநாதன் மடத்துக்குத் திரும்பினார். பன்னிரண்டரை மணி இருக்கும். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். உலகநாதன் நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னார். சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துக் கீழே வைத்தார். முப்பது டிக்கும் அதில் இருந்தது.

"ஒண்ணுகூட விடலை, அம்மா."

அம்மா தாளைத் தொடவில்லை.

"அன்னைக்கு நான் கிணத்தடியிலதான் இருந்தேன்," என்றார். "அவர் குரல் சரியில்லைன்னு காதுல விழுந்துச்சு. எழுந்து வந்து, பேசுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருத்தர் விரதத்தைக் கெடுக்க வேணாம்னு பாத்திரத்தையே தேய்ச்சுக்கிட்டு இருந்துட்டேன்."



"மன்னிச்சிட்டார், அது தெரியுது," என்றார் உலகநாதன். "ஆனா என்கிட்ட சொல்ல வந்தது என்ன? அது அவர் உள்ளேயே கெடக்கு. நான்தானே கேக்காம அனுப்பினேன்."

அம்மா எழுந்து போய்ச் சிலேட்டை எடுத்துவந்தார். அன்று எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது. அவர் அதை உலகநாதன் கையில் கொடுத்தார். உலகநாதன் துண்டின் நுனியால் துடைத்தார். நாளை மறுநாள் என்ற இடத்தில் மட்டும் கை நின்றது. பிறகு அதையும் துடைத்தார்.

அம்மா சிலேட்டை வாங்கி, பலப்பத்தால் பெரிதாக 'அ' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

உலகநாதன் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் மெதுவாகத் தெளிந்தது. உதடு முணுமுணுத்தது.

"உயிர் பன்னெண்டு, மெய் பதினெட்டு. நாளுக்கு ஒண்ணுன்னாலும் முப்பது நாள் ஆகும். அதுக்குள்ள கை ஓரளவு எழுத வந்திரும், அம்மா. என்ன சொல்ல நினைச்சாரோ அதை அவரே எழுதிருவார்." குரல் தாழ்ந்தது. "டாக்டர் ஒண்ணும் பிடிகொடுத்துப் பேசலை. முப்பது நாள் இருப்பாரா?"

அம்மா களைந்த அரிசியை மூடி வைத்தார்.

உலகநாதன் கீழே கிடந்த காலண்டர் தாளை எடுத்து மடித்துக்கொண்டே கிழமையை எண்ணிப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. எழுத்து ஆரம்பிக்க நல்ல நாள். நாளைக்குக் காலையில வெள்ளனவே கிளம்பி…"

"ஒரு மணி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்றார் அம்மா.