நாலு டப்பா குண்டு

"‘குண்டு சரியில்ல மாஸ்டர், என் கையில ஒரு குறையும் இல்ல.’ ஒரு எழுத்து பிசகாம இதைத்தான் திங்கக்கிழமையும் சொன்னீங்க அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமையும் சொன்னீங்க. இன்னைக்குப் புதுசா ஏதாவது இருக்கா?"

"இருக்கு மாஸ்டர். குண்டு நிஜமாவே சரியில்ல."

எஸ்தர் மாஸ்டருக்கு முப்பத்திநாலு வயது. ஏர் பிஸ்டல் சுடச் சொல்லித் தருபவர். எதிரே நின்ற தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு. விருதுநகரில் பருப்பு மண்டி. ஒரு வருடமாக மாணவர்.

மாவட்ட அணியில், மூத்தோர் பிரிவில், ஓர் இடம் மிச்சம் இருந்தது. ஐந்து மணிக்குள் பெயர் அனுப்ப வேண்டும்.

மேசைமேல் பட்டியல். அண்ணாச்சி பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி. அதை அவர் எதிர்ப்பக்கம் நின்றே, தலைகீழாக, வாசித்துவிட்டார். மண்டிக்காரர் கண்.

"எந்தக் குண்டு சரியில்ல?"

பையிலிருந்து நாலு டப்பாக்களை எடுத்து வைத்தார். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. எல்லாம் தட்டைத் தலை. ஒவ்வொரு குண்டையும் கண்ணாடியில் உருட்டி, நகைத் தராசில் நிறுத்து, விளிம்பு நசுங்கியதைத் தள்ளிவிட்டுச் சேர்த்தது.

வீட்டில் உளுந்தில் ஒரு கல் பார்த்துக் கொடுத்தவர் இல்லை இந்த மனிதர். ஈயத்தில் பார்த்தார். "சோறு திங்கிற தாம்பாளத்துலயா இதைக் கொட்டுவீங்க?" என்று மனைவி பிடுங்கி எறிந்த பிறகு, காலண்டர் அட்டையில் கொட்டிப் பார்த்தார்.

"அருமையாப் பார்த்திருக்கீங்க," என்றார் மாஸ்டர். "துப்பாக்கியைக் கேட்டீங்களா?"

"என்னன்னு?"

"அதுக்குப் பிடிச்சிருக்கான்னு."

மேசை ஓரத்தில் ஓர் இரும்புப் பிடி இருந்தது. மாஸ்டர் அவருடைய துப்பாக்கியை அதில் வைத்து அசையாமல் இறுக்கினார். பத்து மீட்டர் தள்ளி வெள்ளைத்தாள்.

டப்பாவுக்கு ஐந்து குண்டு. ஒவ்வொரு டப்பாவுக்கும் புதுத்தாள்.

முதல் மூன்றும் சில்லறை சிதறினாற்போல் விழுந்தன. நாலாவது சுமார். பிறகு மாஸ்டர், எல்லாரும் கைவிட்டு அள்ளும் பயிற்சி டப்பாவிலிருந்து, பார்க்காமலே ஐந்து எடுத்தார்.

ஐந்தும் ஒரே ஓட்டை.

அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக மாஸ்டரையும் ஒருமுறை பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கப் போய், ஜவுளிக்கடைக்காரருக்குப் போட்டு அளவு பார்த்திருக்கீங்க," என்றார் மாஸ்டர். "உங்க துப்பாக்கிக்கு இதுதான் குண்டு. அடுத்தவர் துப்பாக்கிக்கு வேற. சந்தேகம் தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு!"

"அப்போ இதையே போட்டு, கையால சுடுங்க."

வட்டங்கள் போட்ட தாளை மாட்டிச் சுட்டார்.

பத்துக்கு ஏழு. ஐந்து. எட்டு. ஒன்று தாளைத் தாண்டியே போயிற்று.

மாஸ்டர் அந்தத் தாளைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தார்.

"முதல் நாள் உங்ககிட்ட நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன! ‘சுடுறதுக்கு முன்னாடி பொறுக்கத் தெரியணும் அண்ணாச்சி, அது தெரிஞ்சாப் பாதி வித்தை வந்துரும்’னு சொன்னீங்க."

"செஞ்சீங்களா?"

"என்ன மாஸ்டர் இப்படிக் கேக்கிறீங்க? ஒரு வருசம்! ஒரு நாள் விடாம! நாலு டப்பா!" டப்பாக்களைக் காட்டினார். "எங்க மண்டியில வந்து கேட்டுப் பாருங்க. என்னை மாதிரிப் பொறுக்க ஆள் கிடையாது."

மாஸ்டர் டப்பாக்களைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

பிறகு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"தூக்குங்க."

அண்ணாச்சி குண்டைப் போட்டுக் கையைத் தூக்கினார். முனை ஆடியது. விரல் விசையை நோக்கிப் போயிற்று.

"சுடாதீங்க. இறக்குங்க."

இறக்கினார்.

"தூக்குங்க."

ஆடியது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஆடியது.

"இறக்குங்க."

மூன்றாம் தடவையும் அப்படியே. நாலாம் தடவை தோள் கடுத்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. சுட்டுத் தொலைத்தால் போதும் என்று விரல் துடித்தது.

"இறக்குங்க."

"இன்னும் எவ்வளவு நேரம்தான் மாஸ்டர் பொறுக்கிறது?"

சொல்லி முடித்தார்.

சொன்னது காதில் விழுந்தது.

துப்பாக்கியை மேசையில் வைத்தார். நாலு டப்பாவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாம்பாளம் ஞாபகம் வந்தது. காலண்டர் அட்டை ஞாபகம் வந்தது.

"பொறுக்க," என்றார் மெல்ல. இன்னொரு தரம், வேறு மாதிரி, "பொறுக்க," என்றார்.

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு ஏழு நிமிடம். மேசைக்குப் போய்ப் பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

அண்ணாச்சி புதுத்தாள் மாட்டினார். திரும்பி வந்து துப்பாக்கியை எடுத்துக் கையைத் தூக்கினார்.

ஆடியது. இறக்கினார்.

தூக்கினார். ஆடியது. இறக்கினார்.

இந்தத் தடவை யாரும் இறக்கச் சொல்லவில்லை.

பின்னால் காகிதம் சரசரத்தது. திரும்பிப் பார்க்காமல், மறுபடி கையைத் தூக்கியபடியே அவர் சொன்னார்:

"மாஸ்டர், கொஞ்சம் பொறுங்க."