கூப்பிட்ட குரலின் நீளம்

"டீச்சர், ஒரு நோட்டோட பேரு தெரியணும்" என்றார் வேதமுத்து.

வேதக்கோயில் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கும் ரூபி, ஆர்கனை மூடிவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு முப்பது வயது. கேட்டவருக்கு அறுபது தாண்டிவிட்டது. உப்பளத்தில் ஆயுசைக் கழித்த மனிதர். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்த விஷயம்.

"எந்த நோட்டு அண்ணாச்சி?"

"செல்லக்கனி கூப்பிடுவாள்லா, அது."

செல்லக்கனி அவர் மனைவி. போன வருஷம் கண்ணை மூடிவிட்டாள்.

"மத்தியானம் கஞ்சி கொண்டாந்து வரப்புல நிப்பா. நான் பாத்தியோட அந்தக் கோடியில உப்பு வாரிக்கிட்டு இருப்பேன். 'ஏ...ங்க'ன்னு ஒரு குரல் குடுப்பா. அந்த 'ஏ' எவ்வளவு நீளம்னு தெரியணும்."

"தெரிஞ்சு?"

"நாளுக்கு நாள் மனசுல அது குறுகிக்கிட்டே வருது டீச்சர். ஒரு பேரு இருந்தா குறுகாதுல்லா? அப்படியே நிக்கும்லா?"

ரூபி சிரிக்கவில்லை. கரும்பலகையில் இசைக்குறிகளை எழுதிக் காட்டினாள். ஒரு எண்ணிக்கை நீண்டால் கிராட்செட். இரண்டு நீண்டால் மினிம். நான்கு நீண்டால் செமிபிரீவ். தொடையில் தட்டி எண்ணிப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

வேதமுத்து பிடித்த பிடியை விடாதவர். கடைக்குப் போகும்போதும் தட்டினார், பல் விளக்கும்போதும் தட்டினார். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டதோ என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு அந்தக் குரல் வேண்டும். ஊர் பேசினால் பேசட்டும்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு முன்பே வந்து நின்றார்.

"செமிபிரீவ் பத்தல. ரெண்டை ஒட்டவச்சா ஜாஸ்தியாப் போகுது. பக்கத்துல புள்ளி வச்சு நீட்டியும் பார்த்துட்டேன். ஒரு நாள் சரியா வருது, மறுநாள் வர மாட்டேங்குது."

"அவங்க என்னைக்கும் ஒரே நீளமாவா கூப்பிட்டாங்க?"

வேதமுத்து யோசித்தார்.

"இல்ல."

"எப்ப நிறுத்துவாங்க?"

"நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திருவா."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"சில நாள் காதுல விழுந்தாலும் திரும்ப மாட்டேன் டீச்சர். இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும்னு குனிஞ்சே நிப்பேன்."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? கள்ளி. அவளும் விட மாட்டா."

ரூபி பலகையைத் துடைத்தாள். ஒரு நோட்டை வரைந்தாள். அதன் தலைக்கு மேல் ஒரு வளைவு, வளைவுக்குள் ஒரு புள்ளி.

"இந்த அடையாளத்துக்குப் பேரு ஃபெர்மாட்டா."

"எத்தனை எண்ணிக்கை?"

அதற்குள் குழு வந்து வரிசையில் நின்றுவிட்டது. அவர்களிடம் பலகையைக் காட்டினாள்.

"இது இருந்தா எப்ப நிறுத்துவீங்க?"

"நீங்க கையை இறக்கினதும்" என்றார்கள்.

"இன்னைக்கு என் கையைப் பார்க்க வேண்டாம்."

வேதமுத்துவின் தோளைத் தொட்டு, குழுவுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தாள்.

"ஒரே சுருதி. 'ஏ'ன்னு பிடிங்க. அண்ணாச்சி திரும்பிப் பார்த்தா நிறுத்துங்க. அதுவரைக்கும் மூச்சை மாத்தி மாத்தி வாங்கிக்கோங்க."

குரல் எழுந்தது.

வேதமுத்துவின் கை தொடையில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. செமிபிரீவ் தாண்டிப் போனது.

ஒருத்தி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். குரல் அறுபடவில்லை. மணியடிக்கும் கோயில்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

முன்வரிசைப் பெண் ஒருத்திக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னும் எவ்வளவு நேரம் என்று கண்ணாலேயே கேட்டாள். ரூபி வேதமுத்துவின் முதுகைக் காட்டினாள்.

வேதமுத்துவுக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவர் குனிந்தே நின்றார்.