சொந்தக் குரலுக்கு விலக்கு

தாண்டவராயனோடு அவர் மனைவி பேசி நாற்பது நாளாகிறது. நாளைக் காலை அந்த அம்மாளுக்கு இதயத்தில் ஆபரேஷன்.

எல்லாம் அவர் காதுக்குள் இருக்கும் கருவியால் வந்தது. போலீஸ் வேலைக்காகப் பொருத்திக்கொண்டது. மனதறிந்து பொய் சொன்னால் ஆளின் குரல் லேசாக மாறுமாம். நமக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும். உடனே உள்ளே கீச்சென்று கத்தும். திருடர்களை வரிசையாகப் பிடித்தார். வீட்டுக்கு வந்தும் அணைக்கவில்லை.

டாக்டர் தேதி குறித்த அன்று, தனக்குப் பயமே இல்லை என்றாள் மனைவி. கருவி கத்தியது. கத்தியதை அவளிடமே சொன்னார், மகளும் மருமகனும் பார்க்க.

அன்றைக்கு வாயை மூடினவள்தான்.

இன்று ஆசிரமத்துக்கு ஓடினார். குருவம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் குரலைக் கேட்காமலே போய்விடுமே என்று தாண்டவராயன் புலம்பித் தீர்த்தார்.

"அணைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"முடியலம்மா. அணைச்சா செவிடன் மாதிரி இருக்கு. யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருது."

குருவம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

"நீங்க பேசினா கத்துமா?"

"கத்தாது. என் குரலுக்கு மட்டும் விலக்கு."

"யார் கொடுத்தது?"

"நான்தான்."

"அதை எடுத்து விடுங்க."

கைப்பேசியைத் தடவி மாற்றினார்.

"வீட்டுக்காரம்மா பிழைச்சுடுவாங்களா?"

"அதெல்லாம் பிழைச்சுடுவா."

காது கிழிந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

"இப்ப உள்ளே கத்திச்சே, உங்க மகளுக்கு போன் போட்டுச் சொல்லவா?"

தாண்டவராயன் பதறி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"பஸ் போயிடும். கிளம்புங்க."

ஆஸ்பத்திரியில் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் மகள் வெளியே போய்விட்டாள்.

கட்டிலோரம் நின்றார்.

"ஒண்ணும் ஆகாது," என்றார்.

கத்தியது.

"பத்தே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

கத்தியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அணைக்கக் கை போகவில்லை.

"நான்கூட நல்லாத்தான் சாப்பிடுறேன், தூங்குறேன்."

அவள் மெல்லத் திரும்பினாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. கிட்ட வாங்க," என்றாள் செண்பகவல்லி.