பலகைக்கு அடியில் ஈரம்

குன்னூரில் தணிகாசலம் என்றொருவர் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு பொன்னம்பல அடிகள் அவரைவிட வயதில் இளையவர். அதைத் தணிகாசலம் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அடிகள் ஆண்டுக்கொரு முறை மலைக்கு வருவார். தணிகாசலத்தின் வீட்டுக் கூடத்தில்தான் எல்லோரும் அவரோடு தியானத்தில் அமர்வார்கள். கூடத்தில் சிமெண்டுத் தரை. பனிக்காலத்தில் கால் வைக்க முடியாது. சென்ற முறை அடிகள் எழுந்திருக்கும்போது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அதைத் தணிகாசலம் பார்த்தார். அடுத்த முறை அவர் வருவதற்குள் கூடம் முழுக்கத் தேக்குப் பலகை பாவிவிடுவது என்று முடிவு செய்தார். பாவியும் விட்டார்.

அடிகள் வந்தபோது பலகைகளின் ஓரங்கள் மேலெழும்பியிருந்தன. ரொம்பவும் எழும்பிய இடத்தில் தணிகாசலம் ஜமக்காளம் விரித்து வைத்திருந்தார்.

அடிகள் அதன்மேல் கால் வைத்தார். நின்றார். காலை எடுத்து மறுபடி வைத்தார்.

"புதுத் தரையா?"

"ஆமாம் சாமி. உங்களுக்காகத்தான்."

"ஏன் மேடும் பள்ளமுமா இருக்கு?"

"மரம் சரியில்லை சாமி. தச்சன் ஏமாத்திட்டான். காயாத மரத்தை என் தலையில கட்டிட்டான்."

ஊரில் எல்லோரிடமும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். தச்சர் மாசிலாமணியை அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

தணிகாசலத்தின் மனைவி மரகதம் டீயோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

அடிகள் ஜமக்காளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"வீட்டுல கடப்பாரை இருக்கா?"

"எதுக்கு சாமி? நீங்க உட்காருங்க. நான் ஆள் வெச்சு..."

"சின்னதா இருந்தாலும் போதும்."

கடப்பாரை வந்தது. அடிகள் சுவரோரப் பலகை ஒன்றை நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே வந்தன. பலகையைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. அதைத் தாங்கிய சட்டமும் ஊறிப் போயிருந்தது. கூடம் முழுக்க நாற்றம் பரவியது.

அடிகள் கீழே இருந்த சிமெண்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். கை நனைந்திருந்தது.

"பலகை போடும்போதே இந்த ஈரம் இருந்துதா?"

"எனக்குத் தெரியாது சாமி."

அடிகள் மரகதத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் தெரியாதாம்மா?"

மரகதம் கணவரைப் பார்த்தார். தணிகாசலம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியாது சாமி."

டீயை மேசைமேல் வைத்துவிட்டு மரகதம் உள்ளே போனார்.

 அடிகள் அடுத்த பலகையில் கடப்பாரையைக் கொடுத்தார்.

தணிகாசலத்துக்குக் காது மடல் எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து மரகதம் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியும் சாமி."

கடப்பாரை நின்றது.

"எனக்கும் தெரியும். வேலை தொடங்கறதுக்கு முன்னாடி தரையில பிளாஸ்டிக் தாளை விரிச்சு, சுத்தி டேப் ஒட்டி வைக்கச் சொன்னார் மாசிலாமணி. அடியில தண்ணி முத்து முத்தாக் கட்டினா தரையில ஈரம் இருக்குன்னு அர்த்தமாம். மரகதம்தான் ஒட்டினா. காலையில என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. தாளுக்கு அடியில வேர்த்துக் கிடந்தது. குளியலறைக் குழாய் கசியுது, அதை அடைச்சுத் தரையைக் காயவிடலாம், மட்டம் பண்ணிட்டு அப்புறம் மரத்தைக் கொண்டு வரலாம்னா. மாசிலாமணியும் அதையேதான் சொன்னார்."

"நீங்க?"

"சாமி வர்ற நாள் நெருங்கிடுச்சுன்னேன். மாசிலாமணி பேசாம இருந்துட்டார். அவ விடலை. உனக்கு என்னடி தெரியும், போய் அடுப்பைப் பாருன்னேன். வேலையாளுங்க அத்தனை பேரும் நின்னுட்டிருந்தாங்க. தாளைப் பிய்ச்சு அவ மேலயே வீசினேன்."

புரண்டு கிடந்த பலகையைத் தள்ளி வைத்தார். 

"அவ அதை மடிச்சு எடுத்துட்டுப் போனா சாமி."

 அடிகள் கடப்பாரையை அவரிடம் நீட்டினார்.

இருவரும் மாறி மாறி நெம்பினார்கள். பிற்பகலுக்குள் பலகை எல்லாம் வெளியே போய்விட்டது. கூடத்தில் ஈரத் தரை திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

மாலையில் தியானத்துக்கு ஆட்கள் வரும் நேரம். தணிகாசலம் ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"விரிக்க வேண்டாம்," என்றார் அடிகள்.

"எல்லாரும் பாப்பாங்க சாமி."

"பாக்கட்டும்."

வந்தார்கள். பார்த்தார்கள். மருந்துக்கடை லாசர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன சார், மொத்தத்தையும் பேத்துட்டீங்க? அந்தத் தச்சன் நல்லாத்தான் கவுத்திருக்கான்."

தணிகாசலம் எழுந்து நின்றார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அவர் மேல தப்பு இல்லை லாசர். மரம் நல்ல மரம். தரையில ஈரம் இருக்குன்னு அவரும் சொன்னார், என் வீட்டுக்காரியும் சொன்னா. நான் கேக்கலை. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

யாரோ இருமினார்கள்.  மரகதம் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.  உள்ளே போகவில்லை.

அன்று எல்லோரும் காய்ந்த இடமாகப் பார்த்து அமர்ந்தார்கள். தணிகாசலம் கண்ணை மூடினால் தாளை மடிக்கும் இரண்டு கைகள்தான் தெரிந்தன.

மறுநாள் குழாய்க்காரர் வந்து கசிவை அடைத்தார். தணிகாசலம் மாசிலாமணியின் வீட்டுக்கு நடந்தே போய் மன்னிப்புக் கேட்டார். மாசிலாமணி "சரி" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அடிகள் புறப்படும்போது கணவனும் மனைவியும் வாசல்வரை வந்தார்கள். அடிகள் குனிந்து செருப்பை மாட்டினார்.

"சாமி," என்றார் தணிகாசலம். "தரை எப்போ காயும்? எப்போ மறுபடி பலகை போடலாம்?"

அடிகள் நிமிர்ந்தார். அவரைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற மரகதத்தையும் பார்த்தார்.

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க?"