கேமராவில் தெரியாத நாற்காலி

குருவைப் பார்க்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். பூங்கோதை புதன்கிழமையே வந்து நின்றாள். கூடவே மகள் மிதிலா.

ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்புக்குள் ஓடு வேய்ந்த ஒரு கூடம். அதுதான் ஆசிரமம். பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாலு பாய், ஒரு தண்ணீர்ப் பானை, வெள்ளையடித்த சுவர், அவ்வளவுதான். குரு பூங்கோதையைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் அவளுக்கு அவர் சாமி. வீட்டுக்கு எந்த நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்பது வரைக்கும் அவரைக் கேட்டுத்தான் செய்வாள். கேட்டால் அவரும் சொல்லிவிடுவார்.

"சாமி, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"உட்காருங்க."

குழந்தை பாயில் உட்கார்ந்தாள். ஒன்பது வயது. பூங்கோதை அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தாள்.

"என்ன அம்மிணி, நல்லா இருக்கியா?" என்று குரு குழந்தையைக் கேட்டார்.

மிதிலா இடப்பக்கம் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்காளுங்க," என்றாள் பூங்கோதை. சொன்ன வேகத்திலேயே அவள் குரல் உடைந்தது. "பார்த்தீங்களா சாமி? இதைத்தானுங்க கேக்க வந்தேன்."

குரு தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"சொல்லுங்க."

"இவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினது ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

மறக்க முடியுமா? மிதிலா எதையும் யோசித்துத்தான் சொல்வாள். டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், மேலே பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு சிரித்து முடித்திருக்கும். பிள்ளைகள் அவளுக்கு 'ஸ்லோ மோஷன்' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்குத்தான் இரக்கம் கிடையாது என்று நினைக்கிறோம். பொடிசுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் மிதிலா புத்தகப் பையைத் தூக்கவே மாட்டேன் என்று அழுதாள். பூங்கோதை அப்போதும் ஓடிவந்து குருவைத்தான் கேட்டாள். நிறுத்திவிடலாமா சாமி? வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கிற பள்ளி ஒன்று இருக்கிறதாமே?

குரு தலையாட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

"ஆரம்பத்துல நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றாள் பூங்கோதை. "கம்ப்யூட்டர்ல மிஸ் வருவாங்க. பாடம் நடத்துவாங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க. ஆனா கேள்வி கேட்டவுடனே ஒரு வட்டம் வருமுங்க சாமி. அது குறைஞ்சுகிட்டே வரும். வட்டம் தீர்றதுக்குள்ள சொன்னாத்தான் ஸ்டார். இல்லாட்டி அடுத்த பிள்ளைக்குப் போயிரும்."

"ம்."

"இவளுக்குப் பதில் தெரியுமுங்க. ஆனா வட்டம் தீர்ந்துரும். முதல் வாரம் ஒரு ஸ்டார்கூட இல்லை. கண்ணுல தண்ணி கட்டி நிக்குது. அந்தப் பக்கம் மிஸ் 'இட்ஸ் ஓகே'ங்கறாங்க. எனக்கு மனசு தாங்கலைங்க. பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு, கேமராவுல தெரியாம, இடப்பக்கமா உட்கார்ந்தேன். காதுல மெதுவா சொன்னேன். ஸ்டார் வந்துச்சு. இவ சிரிச்சா."

அவள் நிறுத்தினாள்.

"அந்தச் சிரிப்புக்காகத்தானுங்க சாமி."

எந்தத் தாயும் செய்யக்கூடியதுதான். பிள்ளைக்கு ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காத பெற்றோர் இருந்தால் கையைத் தூக்கட்டும், பார்ப்போம்.

"அப்புறம் மைக்ல விழுந்துருமோன்னு பயம். உதட்டை மட்டும் அசைப்பேன். இவ கெட்டிக்காரி, உடனே படிச்சுக்குவா. கணக்கு, இங்கிலீஷ், 'இன்னிக்கு உன் மனசு எப்படி இருக்கு'ன்னு தினமும் ஒரு கேள்வி கேப்பாங்க, அதுக்கும் நான்தான். அதுலயெல்லாம் இவதான் ஃபர்ஸ்ட். சர்டிபிகேட் அனுப்பினாங்க. ஹால்ல மாட்டி வெச்சிருக்கேன்."

"சரி."

"போன மாசம் வயித்து வலின்னு சுருண்டு படுத்துட்டா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். 'எங்க வலிக்குது கண்ணு?'ன்னு கேட்டாரு. இவ என்னைப் பார்த்தா."

மிதிலா பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிட்டேனுங்க சாமி. தொப்புள்கிட்டன்னு நானே சொல்லிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? அவ வயிறு அது! ஆனா வாய் நிக்கலையே. டாக்டர் அங்க அமுக்கி 'இங்கயா?'ன்னாரு. இவ என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிட்டா. வாயு மருந்து குடுத்து அனுப்பிட்டாரு. அடுத்த நாள் காய்ச்சல் கொதிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். குடல்வால் வீங்கி உடைஞ்சிருந்துச்சு. வலி கீழ, வலப்பக்கமுங்க சாமி. முந்தின நாளே அங்கதான் வலிச்சிருக்குது."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குரு அழ விட்டார். அவர் முகமும் நன்றாக இல்லை.

"பொழைச்சுட்டா," என்றாள் பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடவுள் புண்ணியம். அந்த ஆன்லைன் பள்ளியை அன்னிக்கே நிறுத்திட்டேன். நாற்காலியைக்கூட மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுட்டேன். ஆனா இவ இன்னும் திரும்பிப் பார்க்கறா சாமி. பசிக்குதான்னு கேட்டாலும் என் உதட்டைப் பார்க்கறா. நாளைக்கு நான் இல்லாத இடத்துல ஒண்ணு ஆச்சுன்னா இவ என்ன சொல்லுவா, யாரைப் பார்ப்பா? இவ வாயால ஒரு பதில் வரோணும். எனக்கு அது போதுமுங்க."

குரு எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டோடு வந்தார். தட்டில் ஒரு கொய்யாப்பழம், ஒரு கடலை உருண்டை. குழந்தையின் முன்னால் வைத்தார்.

"அம்மிணி, ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. உனக்கு எது வேணும்?"

மிதிலா இடப்பக்கம் திரும்பினாள்.

பூங்கோதை உதட்டை இறுக மூடிக்கொண்டாள். சபாஷ் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். வெளியே தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஈ வந்து கொய்யாவில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. குழந்தையின் கண் அம்மாவின் வாயை விட்டு நகரவில்லை.

"பூங்கோதையம்மா," என்றார் குரு.

"ஏனுங்க சாமி?"

"உதடு."

அவள் திடுக்கிட்டு வாயில் கை வைத்தாள். அசைந்தது அவளுக்கே தெரியவில்லை, பாவம்.

"எந்திரிச்சு வலப்பக்கம் உட்காருங்க."

உட்கார்ந்தாள். குழந்தையின் தலை வலப்பக்கம் திரும்பியது.

"வெளிய போய் நில்லுங்க."

பூங்கோதை வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஓரமாக நின்றாள். போகும்போதே மூன்று முறை திரும்பிப் பார்த்தாள். மிதிலா இடப்பக்கம் பார்த்தாள். காலிப் பாய்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, குருவைப் பார்த்தாள்.

அவர் காத்திருந்தார். குழந்தையும் காத்திருந்தாள்.

"கொய்யா," என்றாள் மிதிலா.

கதவு படாரென்று திறந்தது.

"சொல்லிட்டா! என்ர தங்கம் சொல்லிட்டா! சாமி, நீங்க சாமியேதானுங்க!" பூங்கோதை ஓடிவந்து குழந்தையைக் கட்டிக்கொண்டாள். கொய்யாவை எடுத்து அவள் கையில் திணித்தாள். மிதிலா ஒரு கடி கடித்தாள். மென்றாள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

குருவுக்குச் சந்தோஷமே இல்லை.

"அவ சொல்லலீங்க," என்றார்.

"என்னங்க சாமி, என்ர காதால கேட்டேனே."

"நான் கொய்யாவைப் பார்த்தேன். ஈ உட்கார்ந்துச்சேன்னு பார்த்தேன். அதைப் பார்த்துட்டுத்தான் சொன்னா."

பூங்கோதையின் கை குழந்தையின் தோளிலிருந்து நழுவியது. ஒரு நிமிஷத்தில் முகம் வாடிப்போயிற்று. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் என்னதானுங்க பண்ணட்டும்?"

குரு வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போனார். சொல்ல அவரிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். ஆனால் எதிரே பார்த்தார். பூங்கோதை கழுத்தை நீட்டி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிதிலாவும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முகத்துக்கும் துளி வித்தியாசம் இல்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"சாமி?"

"பள்ளிக்கூடத்தை நிறுத்தலாமான்னு அன்னிக்கு என்னைக் கேட்டீங்க."

"ஆமாங்க. நீங்க சரின்னீங்க."

"அப்ப நான் இந்த அம்மிணியைப் பார்த்ததுகூட இல்லை. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. உங்க முகத்துல என்ன வேணும்னு இருந்துச்சோ அதுக்குத் தலையாட்டினேன். தப்புங்க. பெரிய தப்பு. அது என்னை இப்ப அரிக்குது."

"ஐயோ, நீங்க போய் அப்படியெல்லாம் சொல்லாதீங்க சாமி."

குரு உட்கார்ந்த இடத்திலேயே திரும்பினார். சுவரைப் பார்த்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். குரு சிஷ்யைக்கு முதுகைக் காட்டினால் எப்படி இருக்கும்? என்ன தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பூங்கோதை நினைத்தாள்.

"நீங்களும் திரும்புங்க," என்றார் குரு.

"எந்தப் பக்கமுங்க?"

"உங்க பக்கத்துச் சுவத்தைப் பார்த்து."

அவள் திரும்பினாள். இரண்டு பெரியவர்கள், வகுப்பில் தண்டனை வாங்கின பிள்ளைகளைப் போல, வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன.

"அம்மிணி," என்றார் குரு சுவரிடம். "கொய்யா எப்படி இருக்குது?"

அவர் மறுபடி கேட்கவில்லை. தேங்காய் உரிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. பூங்கோதைக்குக் கழுத்து திரும்பு திரும்பு என்று அரித்தது. 'நல்லா இருக்குதுன்னு சொல்லு கண்ணு' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை காலம் அந்தக் குழந்தைக்கு இவ்வளவு நேரத்தை யாருமே கொடுத்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை. அந்த வட்டம் கொடுக்கவில்லை. அம்மாவும் கொடுக்கவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்குக் கன்னத்தில் இறங்கியது. துடைத்தால் குழந்தை பார்த்துவிடுவாளோ என்று துடைக்காமல் விட்டாள்.

பின்னால் பாய் சரசரத்தது. தட்டில் எதையோ வைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குக் கொய்யா பிடிக்காது," என்றாள் மிதிலா.

சின்னக் குரல். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. வாயிலிருந்ததை அவள் இன்னும் விழுங்கியிருக்கவில்லை.

"எங்க வீட்டுல கொய்யா மரம் இருக்குதுங்க சாமி," என்றாள் பூங்கோதை, சுவரைப் பார்த்தபடி. "தினமும் குடுப்பேன். அறுத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் குடுப்பேன். தின்னுடுவா. ஒரு நாள்கூட வேண்டாம்னு சொன்னதில்லை."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அத்தனையும் பிடிக்காமத்தான் தின்னாளா?"

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. சட்டென்று குருவின் பக்கம் திரும்பினாள். அவர் முதுகைப் பார்த்துக் கை இரண்டையும் கூப்பினாள்.

"ஏன் சாமி? இத்தனை வருஷமா இவ ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

குரு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"இப்பவும் என்னைத்தான் கேக்கறீங்க."