பேச்சி சொன்ன விடை

“அந்தப் பேச்சிப் பிள்ளையை என் வகுப்புல இருந்து எடுத்திருங்கம்மா.”

கோமதிநாயகம் வந்து நின்ற வேகத்தில் தோள் துண்டு நழுவித் தரையில் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

உலகம்மை பூசணிக் கொடியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் இருக்கும் மடத்தை நடத்துபவர் உலகம்மைதான். கோமதிநாயகத்துக்குக் குரு. ஆனால் வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். அதனால் குரு சீடனை அண்ணாச்சி என்பார், சீடன் குருவை அம்மா என்பார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு பழகிவிடும்.

கோமதிநாயகம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவருக்கு மடத்தில் கிடைத்தது மாட்டுத் தொழுவம். வருடக்கணக்கில் சாணி அள்ளினார்.

“எனக்கு எப்பம்மா உபதேசம்?” என்று கேட்பார்.

“தொழுவம் கூட்டியாச்சா அண்ணாச்சி?” என்று பதில் வரும்.

இந்த ஐப்பசியில்தான் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பை அவரிடம் கொடுத்தார் உலகம்மை. மனுசருக்குக் கால் தரையில் பாவவில்லை. இதை ஒழுங்காக நடத்திக் காட்டிவிட்டால் அடுத்தது உபதேசம்தான் என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டார்.

அந்த வகுப்பில்தான் இந்த வில்லங்கம்.

“அப்படி என்ன செஞ்சா?” என்று உலகம்மை கேட்டார்.

“சொன்னதைச் செய்ய மாட்டேங்கா. கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கா. ஒரே ஒரு பதில் சொன்னா, அதுவும் தப்பு.”

“மொதல்ல இருந்து சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

பாடம், பூவின் பாகங்கள். படம் போட்டுக் காட்டிவிட்டுப் போகிற வாத்தியார் அல்ல கோமதிநாயகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளிடமே சொன்னார். சுவரோரம் பூசணிக் கொடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. காலையில் வரும்போது ஆளுக்கொரு ஆண் பூவும் ஒரு பெண் பூவும் பறித்து வாருங்கள் என்றார்.

“ஆண் பூவுக்கு வெறும் காம்புதான் இருக்கும். பெண் பூவுக்கு அடியில குட்டியா ஒரு உருண்டை இருக்கும். அதை வச்சுக் கண்டுபிடிக்கணும்.”

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொடிக்குள் புகுந்து தேடினார்கள். எட்டாத பூக்களை அவரே பேனாக்கத்தியால் அறுத்துக் கொடுத்தார்.

பேச்சி மட்டும் ஒரு ஆண் பூவோடு வந்து நின்றாள். பேர்தான் பேச்சி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

“பெண் பூ எங்கே?”

பேச்சி கையிலிருந்த பூவையே பார்த்தாள்.

“கிடைக்கலையா? அந்தா, சன்னலுக்கு வெளிய ஒண்ணு இருக்கு பாரு. போய்ப் பறிச்சிட்டு வா.”

போனாள். வெறுங்கையோடு வந்தாள்.

கோமதிநாயகம் பொறுமைசாலி. தன் கையிலிருந்த பெண் பூவை அவள் முன் நீட்டினார். அதன் அடியிலிருந்த பச்சை உருண்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

“சரி. இது என்ன? இதையாவது சொல்லு.”

“பூசணிக்காய்” என்றாள் பேச்சி.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

“இது சூற்பை. பூவில ஒரு பாகம். பூசணிக்காயாம்ல, பூசணிக்காய்.”

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள்.

அடிக்கிற வாத்தியாரும் அல்ல அவர். வெளியே போய் நில் என்று மட்டும் சொன்னார். சன்னலை ஒட்டி நிற்க வேண்டும், பாடம் காதில் விழ வேண்டும்.

உள்ளே பாடம் அமர்க்களமாக நடந்தது. பிள்ளைகள் பூக்களை நெடுக்குவாட்டில் கீறி உள்ளே பார்த்தார்கள். கோமதிநாயகம் வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகை நிறைய ஒரு பெண் பூவை வரைந்தார். பக்கத்தில் ஒரு ஆண் பூ. அதன் மகரந்தம் இதன் சூல்முடிக்கு வர வேண்டும், வந்தால்தான் காய் பிடிக்கும் என்று சொல்லி, அங்கிருந்து இங்கே ஓர் அம்புக்குறி போட்டார். அம்புக்குறியின் மேல் ஒரு தேனீ.

அம்புக்குறியைப் போட்டு முடித்துத் திரும்பினால், சன்னலுக்கு வெளியே பேச்சி குனிந்து நிற்கிறாள். கையிலிருந்த ஆண் பூவின் இதழைக் கிழித்துப் போட்டுவிட்டாள். நடுத்தண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, பறிக்காமல் விட்ட அந்தப் பெண் பூவுக்குள் விட்டு மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

“தண்டனையில நிக்கும்போது பூவோட என்ன விளையாட்டு?” என்று ஓர் அதட்டல் போட்டார்.

பேச்சி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“அவ்வளவுதாம்மா” என்று முடித்தார் கோமதிநாயகம். “மத்த பிள்ளைக கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுது. இவ ஒருத்தியால வகுப்பே கெட்டுப்போகும்.”

உலகம்மை கொடியில் அறுபட்ட ஒரு காம்பின் நுனியை விரலால் தொட்டார். ஈரம் இன்னும் காயவில்லை.

“வகுப்பை விட்டு எடுத்தா அவ மாமன் வீட்டு ஆடு மேய்க்கத்தான் போவா. தெரியும்லா?”

“தெரியும்மா.”

“சரி. தை ஒண்ணாந்தேதி கேளுங்க, சொல்லுதேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே படிக்கட்டும்.”

கோமதிநாயகம் துண்டை எடுத்துத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாளே அடைமழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை முழுக்க விடவில்லை. கொடியில் புதிதாக வந்த பூக்கள் மழையில் அழுகி விழுந்தன. ஒரு தேனீயைக் கண்ணால் காண முடியவில்லை.

வகுப்புக்குள் மழை இல்லை. கோமதிநாயகம் பேச்சியை விடவில்லை. எப்படியாவது தேற்றிவிடுவது என்று கச்சை கட்டிக்கொண்டார். சிலேட்டைக் கொடுத்து, சூற்பை, சூற்பை என்று எழுதச் சொன்னார். எழுதினாள். அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். எழுதினாள். போகும்போதும் வரும்போதும் பலகையைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டார். படம் அழகாக வந்திருந்ததால் அதற்குக் கீழே ‘அழிக்காதே’ என்று எழுதி வைத்திருந்தார்.

மார்கழியில் ஒருநாள் உலகம்மையிடம் வந்து சொன்னார்.

“பேச்சி வழிக்கு வந்துட்டாம்மா. இப்பம் கேட்டா வாய் மூடுமுன்ன பதில் வருது. எடுக்க வேண்டாம்.”

“அப்படியா” என்றார் உலகம்மை. “தை ஒண்ணாந்தேதி பாப்போம்.”

தை பிறந்தது.

பொங்கலன்று மடத்துக்கு யார் வந்தாலும் இலை உண்டு. அந்த இலையில் பூசணிக்காய்க் குழம்பு உண்டு. அதற்காகத்தான் உலகம்மை ஆடியில் தன் கையாலேயே விதை ஊன்றுவார். காலையிலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

“அண்ணாச்சி” என்று கூப்பிட்டு அரிவாளைக் கொடுத்தார் உலகம்மை. “கொடியில காய் கிடந்தா அறுத்துட்டு வாங்க.”

பூசணிக்காய் கனம் அல்லவா, கோமதிநாயகம் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

கொடியின் தலைமாட்டிலிருந்து இலைகளை விலக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். அங்கும் இல்லை. காய் இருக்க வேண்டிய கணுவில் எல்லாம் காய்ந்துபோன காம்புதான் இருந்தது. சில பிய்ந்திருந்தன. அவை பிள்ளைகள் பறித்தவை. சில வழவழவென்று அறுபட்டிருந்தன. பேனாக்கத்தி வெட்டு.

தான் அறுத்தவற்றை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

அந்தக் கணுக்களில் அவர் அறுத்தது இன்னதென்று அவருக்கு அன்றைக்கே தெரியும். இது முற்றினால் காய் என்று அவரே பாடத்தில் சொல்லியிருக்கிறார். சொல்லிக்கொண்டே கீறச் சொல்லியிருக்கிறார். படிக்காதவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம்.

வெறும் சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று இருந்தது.

கடைசியாக வகுப்புச் சன்னலுக்குக் கீழே வந்தார். இலையை விலக்கினார்.

ஒரு பூசணிக்காய் இருந்தது. பொங்கல் பானை அளவுக்குப் பெருத்து, பள்ளம் பள்ளமாகக் கோடு விழுந்து, மண்ணில் அழுந்திக் கிடந்தது. கொடி முழுக்க அது ஒன்றுதான்.

கோமதிநாயகம் நிமிர்ந்தார். கண்ணுக்கு நேரே சன்னல். சன்னலுக்கு உள்ளே கரும்பலகை. ஆண் பூ, பெண் பூ, நடுவில் அம்புக்குறி. ‘அழிக்காதே’.

குனிந்து காயைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பேச்சி அன்று நின்ற இடத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அத்தனை வருடம் சாணி அள்ளியபோது அடிக்காத நாற்றம் இப்போது தன்மேல் அடிப்பதுபோல் இருந்தது. அவர் உள்ளே நின்று படம் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே அந்தப் பாடத்தை ஒரு பிள்ளை செய்துகொண்டிருந்தது. அதைத்தான் விளையாட்டு என்று அதட்டினார். நாலு பேர் முன்னால் நிறுத்தி யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“இன்னும் அறுக்கலியா அண்ணாச்சி?”

உலகம்மை பின்னால் நின்றார்.

“கை வரமாட்டேங்குதும்மா.”

“அன்னைக்கு வந்துச்சே.”

கோமதிநாயகம் அரிவாளை மெதுவாகத் தரையில் வைத்தார்.

உள்ளே இலை விரிக்கிற சத்தம் கேட்டது.

“பேச்சியைக் கூப்பிடுங்கம்மா” என்றார் அவர் கடைசியில்.

உலகம்மை குரல் கொடுத்தார். வாழையிலை கழுவிக்கொண்டிருந்த பேச்சி ஈரக் கையோடு ஓடிவந்தாள். வாத்தியாரைக் கண்டதும் நின்றாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து மார்போடு கட்டிக்கொண்டாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலைந்து பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

வந்ததும் நல்லதுக்குத்தான் என்று கோமதிநாயகம் நினைத்தார். அன்று சிரித்தவர்கள் காதில் இன்று விழட்டும். அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்பது. அவள் அதே பதிலைச் சொல்வாள். ஊர் கேட்கச் சரி என்று சொல்லிவிடுவது. பாவத்தைக் கழுவ அதைவிட லேசான வழி அவருக்குத் தோன்றவில்லை.

மண்ணில் உட்கார்ந்தார். காயின் மேல் கையை வைத்தார்.

“பேச்சி, இது என்ன தாயி? பயப்படாம சொல்லு.”

பேச்சி காயைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். எதற்கும் ஒருமுறை சன்னல் வழியே கரும்பலகையை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“சூற்பை, சார்.”

யாரும் சிரிக்கவில்லை.