பெட்டிக்குள் இருந்த நாதம்

திருநெல்வேலி ஜங்ஷன் ஆடியோ கடைக்குச் சபா செயலாளர் கோமதிநாயகம் வந்தால் முதலாளியே எழுந்து நிற்பார். எல்லாம் உள்ளேயே இருக்கும் சிடி பிளேயர் மட்டும் போதுமா, ஒலியை இன்னும் துல்லியமாக்கும் என்று விற்கப்படும் டிஜிட்டல் கன்வெர்ட்டரும் தனியாக வாங்க வேண்டுமா என்பது அன்றைய வழக்கு.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும் சார்" என்று சொல்லிவிட்டாள் விற்பனைப்பெண் ஜெயராக்கினி.

"யாருக்கு? எனக்கா? வித்தியாசத்தை இப்பவே காட்டு. இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வரப்படாது!"

முதலாளியும் தலையாட்டினார்.

"கண்ணை மூடிக்கோங்க சார்" என்று ஒரு பாட்டைப் போட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். நிறுத்திவிட்டு அதையே மறுபடியும் போட்டாள்.

"ஆகா! இதுதான் கன்வெர்ட்டர்! வீணைத் தந்தி காதுல உரசுதுல்லா!"

கண்ணைத் திறந்தார். கன்வெர்ட்டர் ஒட்டின டேப்போடு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

"பிரிக்காமலே இப்படிக் கேக்கு. பிரிச்சா உங்க காது தாங்காது சார்" என்றாள் ஜெயராக்கினி. "பிளேயர் மட்டும் எடுத்துக்கோங்க."